நின்றால் யார் தள்ளுவது?

கதவைச் சாத்தாமலே வெளியே போய்ப் பழகிய என் அன்பானவருக்கு,

சௌக்கியமாக இருக்கிறேன். இடது முழங்கையில் மட்டும் ஒரு கன்றல், கருநீலமாக. அது எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், தெருவைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். கொஞ்ச நாளாகவே இப்படித்தான்.

உங்களுக்கு எழுதுவதை அச்சில் போடுவது உங்களுக்குப் பிடிக்காது. வீட்டு விஷயம் கேட்டைத் தாண்டக் கூடாது என்பீர்கள். ஆனால் இந்த விஷயம் எனக்கு முன்னாலேயே கேட்டைத் தாண்டி, டவுன் பஸ்ஸில் ஏறி, பஜார் முழுக்கச் சுற்றிவிட்டது. "செண்பகனூர்க் கிழவி புதுக் கார் வாங்கி, முதல் நாளே சாக்கடையில விட்டுருச்சாம்" என்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் எத்தனை தப்பு பாருங்கள். கார் புதிதல்ல. நான் அதை வாங்கவில்லை. அது சாக்கடையும் அல்ல, மழைத் தண்ணீர் ஓடும் கால்வாய். கிழவி என்றதை மட்டும் திருத்தாமல் விடுகிறேன்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஜீப்பைப் பாஸ்கர் அந்த வருஷமே தாண்டிக்குடி முருகேசனுக்குக் கொடுத்துவிட்டான். நம் காப்பித் தோட்டத்தை வாங்கினாரே, அதே முருகேசன்தான். "ஓட்ட ஆளில்லாத வண்டி துருப்பிடிச்சுப் போகும்மா" என்று கோயம்புத்தூரிலிருந்து போனில் சொன்னான் நம் பிள்ளை. ஓட்ட நான் இருக்கிறேனே என்று சொல்ல அப்போது எனக்கு வாய் எழவில்லை. லைசென்ஸ் பீரோவில்தான் இருந்தது. டாக்டர் சர்டிபிகேட் வாங்கிப் புதுப்பித்தே வைத்திருக்கிறேன். தாண்டிக்குடி மண் ரோட்டில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கற்றுக்கொடுத்தது வீண் போகக் கூடாது அல்லவா?

அன்றிலிருந்து ஷெட் காலி. நான் தினமும் கூட்டிப் பெருக்குகிறேன். அந்தத் தரையைக் கூட்டுவது சுலபம். எல்லாக் குப்பையும் தானாகக் கேட் பக்கம் இறங்கி வந்துவிடும். வேண்டுமென்றே கேட்டை நோக்கிச் சரிவாகப் போடச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கொத்தனார் மூன்று தடவை ரசமட்டத்தை வைத்துக் காட்டி, "சார், தரை கோணலா வருது" என்று வருத்தப்பட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "கோணலாத்தான் வேணும்" என்றீர்கள். மார்கழிக் குளிரில் பேட்டரி படுத்துக்கொண்டால், முன் சக்கரத்துக்கு வைத்த இரண்டு கல்லையும் எடுத்தால் போதும். ஜீப் தானாக உருண்டு கேட்டைத் தாண்டும். இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால், பிள்ளையார் கோயில் வளைவுக்குள் இஞ்சின் முழித்துக்கொள்ளும். எந்த ஊருக்குப் போனாலும் நீங்கள் வண்டியை இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவீர்கள். கல்யாண வீட்டில்கூட, இறக்கத்தில் இடம் கிடைக்கும்வரை என்னைப் பட்டுச்சேலையோடு வண்டியிலேயே சுற்ற வைத்தீர்கள்.

இந்தத் தை மாதம் பாஸ்கர் ஒரு கொத்தனாரோடு வந்தான். ஷெட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறையாக மாற்றப்போகிறானாம். "சீசனுக்குள்ள முடிச்சிரலாம்மா. சும்மாதானே கெடக்கு" என்றான். கொத்தனார் உள்ளே போய் ஒரு கோலிக்குண்டைத் தரையில் விட்டுப் பார்த்தார். அது கடகடவென்று ஓடிப் போய்க் கேட்டில் முட்டியது.

"டீச்சரம்மா, இந்தத் தரையில கட்டில் போட்டா, ராத்திரி படுத்தவக விடியும்போது ரோட்டுல கெடப்பாக. மொதல்ல தரையைச் சமப்படுத்தணும்."

பாஸ்கர் சிரித்தான். கொத்தனார் உங்கள் இரண்டு கல்லையும் காலால் தள்ளி, ரோஜாப் பாத்தி ஓரத்தில் விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. அப்படி நடந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

காதர் பாய் கடையைத் தெரியும் உங்களுக்கு. ஜீப்புக்கு டயரும் பேட்டரியும் அவரிடம்தான் வாங்குவோம். கடைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நீலத் தார்ப்பாய் போட்டு ஏதோ ஒன்று. காற்று தார்ப்பாயைத் தூக்கியது. உள்ளே ஒரு கார். தரையோடு தரையாக, இரண்டே பேர் உட்காரக் கூடியது. நிறம், மழை விட்டதும் காப்பி இலைக்கு வருமே, அந்தக் கரும்பச்சை. தார்ப்பாய் மறுபடி விழுந்துவிட்டது. நான் அங்கேயே நின்றேன்.

"யாருது பாய் இது?"

"மேல பங்களா எடுத்திருந்தாரே, மெட்ராஸ்காரர், அவருதும்மா. இத்தாலி வண்டி. ரெண்டு தடவை மலை ஏற வந்துச்சு. ரெண்டு தடவையும் பாதிக்கு மேல லாரி முதுகுல ஏறித்தான் வந்துச்சு. மனுசன் வெறுத்துப்போயி, வித்து விட்டுருங்க பாய்னு சாவியைக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு."

விலை கேட்டேன். சொன்னார். பாஸ்கர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வைத்திருக்கிற கார் அதைவிட விலை கூடுதல்.

"ஏன் இவ்வளவு மலிவு?"

"டீச்சரம்மா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இது வண்டி இல்லம்மா, வீட்டோட வந்த மாப்பிள்ளை. பாக்க ராசா கணக்கா இருக்கும். கோவிச்சுக்கிட்டுப் படுத்துருச்சுன்னா எந்தச் சொந்தக்காரன் வந்து கூப்பிட்டாலும் எந்திரிக்காது. ஒரு சாமான் போச்சுன்னா கப்பல்ல வரணும். வேணாம்மா, நீங்க வெரசா வீட்டுக்குப் போங்க. மழை வருது."

நான் எங்கும் வேலை பார்த்தவளல்ல என்பது அவருக்கும் தெரியும். பஜாரில் எல்லோரையும் திருத்திக்கொண்டே இருப்பதால் டீச்சரம்மா ஆகிவிட்டேன். அன்றைக்கு அந்தப் பெயருக்கு ஏற்றபடி, "எனக்கு எதுக்குப் பாய் அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன்.

உங்களுக்கு இந்த மாதிரி ஆசை மூன்று தடவை வந்தது. முதலில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கறுப்புக் கார். அப்புறம் பெருமாள் மலையில் எஸ்டேட் மேனேஜர் விற்க நினைத்த ஜெர்மன் கார். கடைசியாகப் பாஸ்கர் கல்லூரிக்குப் போன வருஷம், கூரை மடங்கும் மஞ்சள் கார் ஒன்று. ஒவ்வொரு தடவையும் நீங்கள் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சை எங்கோ தொடங்கி அங்கே கொண்டுவந்து நிறுத்துவீர்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "நின்னா யாரு தள்ளுறது?"

"நீதான்" என்பீர்கள். இருவரும் சிரிப்போம். பேச்சு அதோடு முடியும்.

நான் கேட்டது சரியான கேள்விதான். அந்தக் கறுப்புக் காரை வாங்கியவர் கடைசியில் அதில் கோழி வளர்த்தார். மஞ்சள் கார் அய்யம்பாளையம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இன்னும் கிடக்கிறது, சக்கரம் இல்லாமல். அதற்காக நான் இன்றும் வருந்தவில்லை. என் சங்கடமே வேறு. அதே கேள்வியை எனக்கு நானே கேட்டபோது, என்னைச் சிரிக்க வைக்க எதிரில் யாரும் இல்லை. நீதான் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்குப் பலமும் இல்லை போலிருக்கிறது.

மறுநாளும் போனேன். சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டேன்.

"டீச்சரம்மா, என்கிட்ட லாரி பேட்டரிதான் இருக்கு. கடிகாரத்துல மாட்டுனா செவரோட சேந்து விழுந்துரும்" என்றார் பாய். சொல்லிக்கொண்டே போய்த் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு காரணம் சொல்லாமலே போக ஆரம்பித்தேன். போகாத நாளில் கை வேலையில் நிற்காது. பாலைப் பொங்கவிட்டேன். மாதா கோயில் மணியடித்தால் டீ நேரம் என்று எழுந்துபோய், டீ போடாமல் திரும்பி வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு வந்த புதிதில் இப்படித்தான் இருந்தீர்கள். எனக்கு வந்தது எந்தக் கொதிப்பு?

நீங்கள் கேட்பீர்கள், உனக்கு எதற்கு இத்தாலிக் கார் என்று. நானும் கேட்டுப் பார்த்தேன். வேகம் எனக்கு வேண்டாம். பகட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வருஷமாக என்னை யாரோ எங்கேயோ கொண்டுபோய் விடுகிறார்கள். பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றால் பாஸ்கர் கோயம்புத்தூரில் உட்கார்ந்து டாக்சி பிடிக்கிறான். வந்து நிற்கும் பையன், "போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்க பாட்டி" என்கிறான். சொன்னால்தான் வண்டி நகரும். வழியில் ஒரு நிமிஷம் நிறுத்தி ஏரியைப் பார்க்கலாம் என்றால், "மேப்புல ஸ்டாப் இல்லையே" என்கிறான். நான் திருப்பினால் திரும்புகிற ஏதாவது ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பச்சைக் கார் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும்போது கைக்குள் வந்து அடங்கிய பிடியின் குளிர்ச்சியைப் பற்றி உங்களிடம் பொய் சொல்ல முடியாது. அழகாக இருந்தது. எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு பொருளைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே உட்காருவது ஒரு பெரிய கலை. கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்குக் காரில் ஏறுவதைத் தனிப் பாடமாகவே நடத்தினார். முதலில் உட்கார வேண்டும், முழங்கால்கள் சேர்ந்திருக்க வேண்டும், பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். பள்ளியில் கார் கிடையாது. ஒரு மர நாற்காலியில் பழகினோம். அந்தப் பாடம் இத்தனை வருஷம் கழித்து எனக்குப் பயன்பட்டது. புடவை கலையாமல் உள்ளே போய்விட்டேன். வெளியே வரும் பாடத்தை சிஸ்டர் நடத்தவில்லை போலிருக்கிறது. தரையில் உட்கார்ந்தவள் மாதிரி மாட்டிக்கொண்டேன். பாய்க்குக் கை கொடுக்கக் கூச்சம். எனக்கும் பிடிக்கக் கூச்சம். கடைசியில் அவர் தன் குடையின் வளைந்த பிடியை நீட்டினார். நான் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அன்றிலிருந்து அந்தக் குடை காரின் மேலேயே தொங்கியது.

"ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன் பாய்."

"டீச்சரம்மா, ஒங்க மகன் என்னைய உரிச்சுத் தொங்க விட்டுருவாரு."

"என் லைசென்ஸைப் பாருங்க. என் மகன் கையெழுத்து அதுல இல்ல."

சனிக்கிழமை வெள்ளனே போனோம். சுற்றுலா வண்டிகள் மேலே வருவதற்கு முன்னால். பனி இன்னும் சவுக்கு மரங்களுக்குள்ளேயே இருந்தது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கியருக்குக் கைப்பிடி கிடையாது, கிளட்ச் மிதியும் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு இறகு மாதிரி இருக்கிறது. வலது இறகைத் தட்டினால் கியர் கூடும், இடதைத் தட்டினால் குறையும். மெட்ராஸ்காரர் ஒருநாள் காட்டியதைப் பாய் எனக்குக் காட்டினார். சாவியைத் திருப்பினேன். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுதத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைக்கவில்லை, உட்கார்ந்துவிட்டது.

ஓடியது. எவ்வளவு நன்றாக ஓடியது தெரியுமா? வளைவுகள் என் உள்ளங்கைக்குள் வந்து வந்து போயின. ஒரு வளைவிலும் ஹார்ன் அடிக்க மறக்கவில்லை. ஏறி வந்த காய்கறி வேனுக்கு ஒதுங்கி வழி விட்டேன். அந்த டிரைவர் கை தூக்கி வணக்கம் சொன்னான். பாய் அல்லாவைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "பரவாயில்லையேம்மா" என்றார். டீக்கடை பக்கம் நிறுத்தினேன். எப்படி நிறுத்தியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி, கியரை எடுத்துவிட்டு, கைப் பிரேக் போட்டு. இஞ்சினை அணைத்தேன். நாற்பது வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை என் கை தானாகச் செய்தது.

டீ குடித்து வந்து சாவியைத் திருப்பினால், விளக்கெல்லாம் ஒரு முறை எரிந்து அணைந்தது. மறுபடி திருப்பினேன். அதுவும் இல்லை. மாப்பிள்ளை படுத்துவிட்டார்.

"போன் போடுவோம்மா. லாரியை வரச் சொல்லுவோம்" என்றார் பாய்.

அந்த நிமிஷத்தில் எனக்குப் பயமே இல்லை. சந்தோஷம்தான் வந்தது. பேட்டரி போனால் என்ன? இறக்கத்தில்தானே நிற்கிறோம்! உங்கள் வித்தையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது என்றிருந்தது.

"எதுக்குப் பாய் லாரி? உருட்டி எடுத்துடலாம்."

"அம்மா, இது ஜீப்பு இல்லம்மா, பொறுங்க..."

அவர் முடிப்பதற்குள் கைப் பிரேக்கை விட்டுவிட்டேன்.

கார் உருண்டது. அழகாக, சத்தமில்லாமல். வேகம் பிடிக்கட்டும் என்று காத்திருந்து, வலது இறகைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இடதைத் தட்டினேன். அந்தக் கியர் கரண்டில் வேலை செய்வது. கரண்ட் இல்லையென்றால் அந்த இறகுகள் வெறும் நகை. சரி, நிறுத்துவோம் என்று பிரேக்கை மிதித்தேன். முதல் மிதிக்குக் கேட்டது. இரண்டாவது மிதிக்கு யோசித்தது. மூன்றாவது மிதிக்குக் கல்லாகிவிட்டது. இஞ்சின் ஓடாதபோது அந்த மிதி அப்படித்தானாம். கைப் பிரேக்கைத் தேடிய கை பாய் முழங்காலைப் பிடித்தது. ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. வலது பக்கம் பள்ளத்தாக்கு. கீழே தெரிவது மேகம் மட்டும்.

அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது. கேட்டது என்றே எழுதுகிறேன், யார் சிரித்தாலும் சரி. தாண்டிக்குடி ரோட்டில் முதல் நாள் சொன்னது. "பிரேக் பிடிக்கலேன்னா பள்ளத்தைப் பாக்காதே சரோஜா. மலையைப் பாரு. மலை மேலயே போயி சாஞ்சுக்கோ."

இரண்டு கையாலும் இழுத்து மலைப் பக்கம் திருப்பினேன். இடது சக்கரங்கள் கால்வாயில் இறங்கின. காரின் வயிறு சிமென்டில் உரசியது. மூக்கு போய் ஈரமான பெரணிச் செடிகளுக்குள் புதைந்து நின்றது. பாயின் தொப்பி என் மடியில் கிடந்தது.

"இருக்கீங்களா டீச்சரம்மா?"

"இருக்கேன் பாய். நீங்க?"

"தெரியலம்மா. பாத்துச் சொல்றேன்."

பின்னாலேயே டவுன் பஸ் வந்துவிட்டது. பஸ் முழுக்க இறங்கி வந்தது. சாய்ந்து கிடந்த காரிலிருந்து என்னை வெளியே எடுக்க, சந்தைக்கு முள்ளங்கி கொண்டுபோன இரண்டு பெண்கள் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். சிஸ்டர் பார்த்திருந்தால் கண்ணை மூடியிருப்பார். முழங்கைக் கன்றல் அப்போது வந்ததுதான்.

"ஏலே, ரெண்டு பேரு முன்னால வாங்கலே. தூக்குனா வந்துரும், தப்பட்டை மாதிரி தட்டையாத்தான் இருக்கு" என்று கண்டக்டர் ஆள் சேர்த்தார். பூம்பாறைப் பூண்டுக்காரர் ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆத்தா, இதுல மூட்டை எங்கிட்டு ஏத்துவீக?" என்று கேட்டார். முள்ளங்கிக்காரப் பெண் சொன்னாள், "மூட்டை எதுக்கு? அதுக்கே ஒரு வண்டி வேணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். நிமிர்ந்து நின்று முந்தானையைச் சரிசெய்தேன். அதை ஒருவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

முன்பக்கம் உடைந்ததற்கு நான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

நான் சொல்வதற்கு முன்னால் அந்தப் படம் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்கர் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"ஒங்களுக்கு என்ன வயசும்மா?"

"உன் வயசோட இருபத்தேழு கூட்டிக்கோ."

"வெளையாட்டு இல்லம்மா இது. காதர் பாய்க்கு அறிவு வேணாம்? வாங்க, நான் போய் அவர்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்குறேன்."

போனோம். பாய் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பாஸ்கர் இரண்டு வார்த்தையில் ஒன்றைக் கேட்டான். அதற்குள் காற்று தார்ப்பாயைத் தூக்கிவிட்டது.

மூக்கு உடைந்து, வயிற்றில் சேறு காய்ந்து நின்றது கார். அப்படியும் அழகாகத்தான் இருந்தது. பாஸ்கர் இரண்டாவது வார்த்தையை மறந்துவிட்டான். கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். "சும்மா, டேமேஜ் என்னன்னு பாக்குறேன்" என்றான். உட்கார்ந்தான். கதவைச் சாத்திக்கொண்டான். ஸ்டியரிங்கில் கை வைத்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, எதிரே இருந்த டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த உதட்டைக் கடிப்பது யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? நாற்பத்தைந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் உங்களைப் பார்த்ததும் பாய் நகர்த்திப் போட்ட டயரின் மேல் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கதவைக் கொஞ்சம் திறந்தான். "அம்மா, நம்ம ஷெட்டு அகலம் எவ்வளவு இருக்கும்?"

நான் அடிக் கணக்கை நினைவுபடுத்துவதற்குள் அவனே தொடர்ந்தான்.

"ரூம் கட்டுறது அடுத்த வருஷம்கூடப் பாத்துக்கலாம். இத ஷெட்ல விட்டு, மெல்ல ரெடி பண்ணிக்கலாம். லீவுக்கு வரும்போது நான் ஓட்டுவேன். சும்மா நிக்கட்டுமே, என்ன?"

இந்த இடத்தில் எனக்கு வந்த ஆசைதான் உண்மையான ஆசை. அந்தக் காரின் மேல் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. நான் ஒரு சரி சொன்னால் போதும். கட்டில் வராது. கொத்தனார் வரமாட்டார். உங்கள் தரையை யாரும் தொடமாட்டார்கள். நான் கெஞ்சக்கூட வேண்டாம், அவனே கேட்கிறான். மாதாமாதம் வருவான், அதை ஓட்ட. எனக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் உடைந்த மூக்கைப் பார்த்தேன். அந்த மேகம் நினைவுக்கு வந்தது, வலது பக்கத்தில், கீழே. இவனுக்கு மலையைப் பார் என்று யார் சொல்லிக்கொடுத்தது? இவன் ஓட்டக் கற்றது சமவெளியில்.

"நின்னா யாருடா தள்ளுறது?" என்றேன்.

"நின்னா பாத்துக்கலாம்மா."

உங்கள் மாதிரி 'நீதான்' என்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். எழுந்து நின்றேன். "பாய், நாலு சக்கரத்துக்கும் கல் வைங்க." வைத்தார். "பாஸ்கர், பிரேக்கை மிதி."

"இஞ்சின் ஓடலையேம்மா."

"அதனாலதான் சொல்றேன். மிதி."

மிதித்தான். "இன்னொரு தடவை." மிதித்தான். மூன்றாவது மிதியில் அவன் கால் நின்றுவிட்டது. பலம் கொடுத்து அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. மிதி இறங்கவில்லை. அவன் முகம் மெல்ல மாறியது. சனிக்கிழமை காலை நான் எங்கே இருந்தேன் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. வீடியோவில் அது தெரியாது.

"அம்மா..." என்றான். குடையைப் பிடித்துக்கொண்டுதான் அவனும் வெளியே வந்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் சொன்னேன். "அந்த ஷெட்டு வண்டி நிறுத்தக் கட்டினது. வண்டிதான் நிக்கும். இந்த வண்டி இல்ல. கையால கியர் போடுற வண்டி. தள்ளிவிட்டா எந்திரிக்கிற வண்டி. அதை நான் ஓட்டுவேன்."

அவன் சண்டைக்கு வருவான் என்று தயாராக இருந்தேன். சும்மா கிடக்கிற ஷெட் என்று சொல்ல அவனுக்கு இனி வாயில்லை, காருக்காக அதன் அகலத்தை என்னிடமே கேட்டுவிட்டானே. கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, "முருகேசன் அண்ணன் ஜீப்பைத் திருப்பிக் குடுப்பாரா?" என்று கேட்டான்.

"கேட்டுப் பாப்போம். இல்லைன்னா வேற ஒண்ணு."

"மொத ஒரு மாசம் நான் பக்கத்துல உக்காந்துதான் ஓட்டணும்."

"கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காரு. உங்கப்பா மூடிக்கிட்டு உக்காந்தாரு."

அந்தப் பச்சைக் கார் நேற்றுப் போய்விட்டது. மதுரைப் பக்கம் யாரோ வாங்கிக்கொண்டார்களாம். எல்லாக் குறையையும் பாய் அவர்களிடமும் சொல்லியிருக்கிறார், அவர்களும் கேட்கவில்லை. லாரி முதுகில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, நம் வீட்டு வழியாகத்தான் இறக்கினார்கள். நான் கேட்டில் நின்றேன். தார்ப்பாய் போடாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம். வளைவில் திரும்பும்வரை என் வலது கால் செருப்புக்குள் அழுத்திக்கொண்டே இருந்தது. இது எப்போது நிற்கும் என்று தெரியவில்லை. உங்களுக்கு அந்த மஞ்சள் கார் எப்போது மறந்தது? என்னிடம் நீங்கள் சொல்லவேயில்லை. மறக்கவேயில்லையோ?

வியாழக்கிழமை தாண்டிக்குடிக்குப் போகிறோம், பாஸ்கரும் நானும். முருகேசன் ஜீப்பைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். அந்த ஏற்றத்தில் அவருக்கும் அது வேண்டும். ஆனால் ரோஜாப் பாத்தி ஓரத்தில் கிடந்த உங்கள் இரண்டு கல்லையும் இன்று காலை எடுத்து வந்து, மண் போகக் கழுவி, பழைய இடத்தில் வைத்துவிட்டேன். நான் வைத்தது சரியான இடம்தான். தரையில் அந்த இரண்டு வட்டமும் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது.

ஒரு வார்த்தை தருகிறேன். நான் இந்த வீட்டில் நடமாடும்வரை அந்தத் தரையை யாரும் சமப்படுத்தப் போவதில்லை. அதில் எந்த வண்டி வந்து நின்றாலும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவேன். கிளம்பும்போது முதலில் பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் கல்லை எடுப்பேன். எங்கேயாவது நின்றுபோனால், இறங்கி நானே தள்ளுவேன். நீங்கள் சொன்னபடி.

உங்கள் மனைவியும்
பாஸ்கரின் அம்மாவுமான
சரோஜா